ஏழு இஞ்சு வாட்டம்

"ஏட்டி, கால்வாயில தண்ணி வந்தா எங்க வீட்டு பாத்ரூமுக்குள்ளயும் வந்துருது. நீ அந்தப் படிப்புதானே படிச்ச, வந்து ஒரு எட்டுப் பாரு."

திருநெல்வேலி டவுனில் இருக்கும் அத்தையின் போன் அது. ஜூன் பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. மழை பெய்யவில்லை. ஜூனில் தொடங்கும் கார் நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்து, நெல்லைக் கால்வாயில் தண்ணீர் புரண்டு போய்க்கொண்டிருந்தது. தொடர்ந்து மூன்றாவது வருஷமாக இதே மாதத்தில் இதே கதை. ஒவ்வொரு தடவையும் லாரி வந்து உறிஞ்சிவிட்டுப் போகும். யாரோ பழந்துணியைப் போட்டுவிட்டார்கள் என்று தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பேசிக்கொள்வார்கள். பத்து நாளில் மறுபடி அத்தை வீட்டுத் தரை ஜாலி வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வரும்.

நான் சிவில் டிப்ளமோ. இப்போது பாளையங்கோட்டையில் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் முதல் வேலை பாதாள சாக்கடைக் குழாய் பதிக்கும் சைட்டில் மேற்பார்வை. தொழில் கற்றது அங்கேதான். அதனால் அத்தை சொன்னதும் எனக்குத் துணி ஞாபகம் வரவில்லை, வாட்டம்தான், தண்ணீர் ஓடுவதற்கான சாய்வுதான், ஞாபகம் வந்தது.

வாட்டம் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். வயலுக்குப் பாய்ச்சுகிறவர் மண்வெட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, விரக்கடை அளவு சாய்வில் தண்ணீரைக் கடைசி வரப்பு வரை கொண்டுபோய்விடுவார். வீட்டு பிளம்பர் "அடிக்குக் கால் இஞ்சு" என்பார், அதாவது 48 அடிக்கு ஒரு அடி. தெருவில் போகும் பெரிய குழாய்க்கு அவ்வளவு தேவையில்லை. மத்திய அரசின் பொதுச் சுகாதார, சுற்றுச்சூழல் பொறியியல் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ.வின் கையேட்டைத்தான் நாடு முழுக்கப் பாதாள சாக்கடை வடிவமைப்புக்கு வைத்துக்கொள்கிறார்கள். 1993-ல் ஒரு பதிப்பு, 2013-ல் திருத்திய பதிப்பு. அதன்படி 150 மில்லிமீட்டர் குழாய்க்கு 170 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம், 200 மில்லிமீட்டருக்கு 250 மீட்டருக்கு ஒரு மீட்டர். ஆள் இறங்க முடியாத சின்னக் குழாயில் மேன்ஹோலுக்கும் மேன்ஹோலுக்கும் 30 மீட்டர். இதைக் கொத்தனார் பாஷையில் சொன்னால், 150 மில்லிமீட்டர் குழாய் ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்த மேன்ஹோலுக்குள் ஏழு இஞ்சு இறங்க வேண்டும். ஒரு சாணுக்கும் குறைவு. இந்த ஏழு இஞ்சுதான் ஒரு தெரு நாறுவதையும் நாறாமல் இருப்பதையும் தீர்மானிக்கிறது.

ஏன் ஏழு? கழிவுநீர் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் மணலையும் மலத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அதற்குக் கீழே போனால் கனமானது அடியில் தங்கும். தங்கியது கெட்டியாகும். பிறகு கழியும் கம்பியும், அதுவும் முடியாதபோது மனிதனும். அதிக வேகமும் ஆகாது, 3 மீட்டரைத் தாண்டினால் குழாயை அரித்துவிடும்.

முதல் சைட்டில் இருந்த மேஸ்திரி அண்ணாச்சிக்கு இந்த எண் எதுவும் தெரியாது. ஆனால் அவர் கண்ணாடி இல்லாமல் வேலைக்கு வரமாட்டார். முகம் பார்க்கிற சாதாரணக் கண்ணாடிதான், இரண்டு. குழாய் பதித்து முடித்து, பள்ளத்தை மூடும் முன், உச்சி வெயிலில் ஒரு கடைசியில் ஒருவர் உட்கார்ந்து வெயிலைக் குழாய்க்குள் திருப்ப வேண்டும். மறு கடைசியில் நான் இன்னொரு கண்ணாடியில் பார்க்க வேண்டும். முதல் நாள் நான் பார்த்தபோது வெளிச்சம் கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டு, மூன்றாம் பிறை மாதிரி தெரிந்தது.

"பிறையாத் தெரிஞ்சா நடுவுல எங்கயோ பைப்பு ஏறியோ இறங்கியோ கெடக்குன்னு அர்த்தம்மா. பௌர்ணமி மாதிரி முழுசாத் தெரியணும். தெரியுத வரைக்கும் மண்ணு போடக் கூடாது."

அன்றைக்கு நான்கு குழாயைக் கிளப்பி, அடியில் மணலைத் தட்டிச் சரிபண்ணி மறுபடி போட்டோம். சாயங்காலம் வெயில் போய்விட்டதால் டார்ச் அடித்துப் பார்த்தோம். முழு வட்டம். அந்த வெளிச்சம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. விளக்கும் கண்ணாடியும் வைத்துச் சோதிப்பது கையேட்டிலும் இருக்கிறது என்று பின்னால்தான் படித்தேன். அண்ணாச்சி அதை யாரிடமோ பார்த்துக் கற்றிருந்தார்.

அத்தை தெருவில் குழாய் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் கண்ணாடி வைக்க வழியில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் ஆள் முன்னிலையில் இரண்டு மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டோம். யாரும் இறங்கவில்லை, யாரும் தலையைக் குனிக்கவும் இல்லை. எனக்குத் தெரிந்த பிளம்பர் ஒருவர் மூங்கில் நுனியில் எல் மாதிரி வளைத்த கம்பியைக் கட்டிக் கொண்டுவந்தார். கம்பியைக் குழாய் வாயின் அடித்தளத்தில் உட்காரவைத்து, மட்டம் பார்க்கத் தெருவின் நீளத்துக்குத் தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து, மட்டம் வந்த இடத்தில் மூங்கிலில் சாக்பீஸால் கோடு போட்டோம். மேல் மேன்ஹோலில் கோட்டிலிருந்து குழாய் அடி வரை 1.12 மீட்டர். கீழ் மேன்ஹோலில் ஏழு இஞ்சு, அதாவது 18 சென்டிமீட்டர், கூடி 1.30 இருக்க வேண்டும். இருந்தது 1.08.

எதிர்வாட்டம். நாலு சென்டிமீட்டர் மேட்டை நோக்கித் தண்ணீரை ஓடச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை வீடு மேல் மேன்ஹோலை ஒட்டி இருக்கிறது.

விசாரித்ததில் காரணம் தெரிந்தது. நடுவில் குடிநீர்க் குழாய் குறுக்கே போகிறது. அதன் அடியில் நுழைத்துப் போக இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும். வேலை எடுத்தவர் மேலே தூக்கிப் போட்டுவிட்டு மண்ணை மூடிவிட்டார். குடிநீருக்கு மேல் சாக்கடை போகவே கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. கசிந்தால் எங்கே போகும் என்று யோசிக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை யாரும் செலவழிக்கவில்லை. இதைச் சொல்லும்போது இன்னமும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

சரி, எதிர்வாட்டம் வருஷம் முழுக்க இருக்கிறதே, ஜூனில் மட்டும் ஏன் வீட்டுக்குள் வருகிறது? இங்கேதான் திருநெல்வேலி வருகிறது.

அந்தச் சந்து 100 மீட்டர். 22 வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்று 110 பேர் வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும் என்பது கணக்கு. மொத்தம் 11,880 லிட்டர். இதற்கு மேல் நிலத்தடி நீர் இணைப்புகள் வழியாகக் குழாய்க்குள் கசியும். அதற்கும் கையேட்டில் அளவு உண்டு. குழாயின் ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு, கிலோமீட்டருக்கு, நாளைக்கு 500 முதல் 5,000 லிட்டர். ஒவ்வொரு மேன்ஹோலுக்கும் 250 முதல் 500 லிட்டர். நம் சந்தின் 150 மில்லிமீட்டர் குழாய்க்குப் போட்டால் குழாயில் மட்டும் 750 முதல் 7,500 வரை. நாலு மேன்ஹோலையும் சேர்த்தால் உச்சத்தில் 9,500 லிட்டர், வீடுகள் விடுவதில் ஐந்தில் நாலு பங்கு!

குறைந்த எண்ணுக்கும் கூடின எண்ணுக்கும் இடையில் எங்கே நிற்பது என்பதை உள்ளூர்க்காரர்தான் முடிவுசெய்ய வேண்டும். இங்கே கோடகன் கால்வாயும் நெல்லைக் கால்வாயும் பாளையங்கால்வாயும் ஊருக்குள்ளேயே ஓடுகின்றன. கால்வாயில் தண்ணீர் வந்த வாரமே கிணற்றில் கயிறு குறைந்துவிடும். மே மாதத்தில் குழி வெட்டிப் பார்த்தால் புழுதி. அதே குழியில் ஜூன் கடைசியில் ஊற்று. சர்வே மே மாதம் எடுத்தால் கணக்கில் குறைந்த எண்தான் உட்காரும். டவுன் பக்கம் வடிவமைக்கிற எவரும் கார் மடை திறந்த பிறகோ, அடுத்த நெல் போகமான பிசானத்துக்குத் தண்ணீர் போகும்போதோ ஒரு தடவை குழி வெட்டிப் பார்த்து எழுத வேண்டும். உள்ளூர் விதி என்று ஒன்று எழுதச் சொன்னால் என் முதல் வரி அதுதான். பாளையங்கோட்டைப் பக்கம் வேறு கதை. அங்கே நான் பார்த்த சைட்டுகளில் நாலைந்து அடியில் பாறை தட்டியது. ஊற்று இல்லை. ஆனால் பாறையை உடைக்கச் சோம்பி வாட்டத்தைத் திருடுவார்கள்.

இன்னொன்று. 11,880 லிட்டரை நாள் முழுக்கப் பகிர்ந்து, காலை நெரிசலுக்காக மூன்றால் பெருக்கினாலும் விநாடிக்கு அரை லிட்டர் கூட வரவில்லை. ஏழு இஞ்சு வாட்டத்தில் நிறைந்து ஓடினால் 11 லிட்டர் போகக்கூடிய குழாய் அது. அதில் இது நூல் மாதிரி ஓடும், 0.6 வேகம் வராது. ஆகவே தெருவின் தலைமாட்டில் இருக்கும் குழாய்க்கு ஏழு இஞ்சு என்பது குறைந்தபட்சம்தான், கூட்ட முடிந்தால் கூட்டத்தான் வேண்டும். மொட்டைமாடி மழைநீரைச் சேம்பரில் விட்டால் குழாய் கழுவினாற்போல் ஆகும் என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறு ஏறியபோது நம் ஊர் பட்டது போதும்.

குழாயை முழுக்க நிரப்பிக் கணக்குப் போடக் கூடாது, உச்ச ஓட்டத்திலும் பத்தில் எட்டுப் பங்குதான் நிறையலாம், மேல் இரண்டு பங்கு காற்றுக்கு. தண்ணீர் தேங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பி அந்தக் காற்றில் சேரும். ஈரமான கான்கிரீட் கூரையில் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கி, குழாயை மேலிருந்து தின்னும். அதே வாயுதான் மனிதனை இரண்டு மூச்சில் சாய்க்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் 10 லட்சம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. ஏழு இஞ்சைச் சரியாகப் போட ஆகும் செலவு மேஸ்திரிக்கு இன்னொரு அரை நாள் கூலி.

அத்தை தெருவில் பதினாலு மாதம் அலைந்த பிறகு அந்த 30 மீட்டரை மட்டும் தோண்டிக் குடிநீர்க் குழாய்க்கு அடியில் மாற்றிப் போட்டார்கள். மூடும் முன் நான் கண்ணாடியோடு நின்றேன். இந்த ஜூனில் அத்தை கூப்பிட்டாள்.

"ஏட்டி, கால்வாயில தண்ணி வந்துட்டு. வீட்டுக்குள்ள வரல."

ஆனால் கீழ் மேன்ஹோலின் செங்கல் சுவரில் இன்னும் இரண்டு இடத்தில் ஊற்று கசிகிறது. பூசச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். அடுத்த சந்தில் நேற்றுப் பள்ளம் எடுத்திருக்கிறார்கள் என்று பிளம்பர் சொன்னார். டியூபும் மூங்கிலும் அத்தை வீட்டு முற்றத்திலேயே கிடக்கின்றன, நாளைக் காலையில் போகிறோம்.