ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கடலோரமாக

ஜூன் 7, ஸ்டாஃபின்

கடல் இறங்கும் நேரம் மதியம் 1 மணி என்று அட்டவணையில் இருந்தது. 12.30க்கே அன் கொரன் கரையில் போய் நின்றுவிட்டேன். இங்கே பாறையில் டைனோசர் காலடித் தடங்கள் இருக்கின்றன. 16 கோடி ஆண்டுகளுக்கும் பழையவை. குளிர்காலப் புயல் மணலை அரித்துக்கொண்டு போன பிறகுதான் நன்றாகத் தெரியுமாம். நான் வந்திருப்பதோ கோடையில். பாதிப் பாறை மணலுக்கடியில். முக்கால் மணி நேரம் பாசியில் வழுக்கி வழுக்கித் தேடி ஒன்றே ஒன்று கிடைத்தது: மூன்று விரல், நடுவில் தேங்கிய உப்புத் தண்ணீர், அதில் ஒரு குட்டி நண்டு. பக்கத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன். ஷூ தோற்றது.

சாயங்காலம் காற்று நின்றது. நின்ற நிமிடமே மிட்ஜ் பூச்சிகள். கடுகைவிடச் சிறியவை, ஆனால் ஊரே திரண்டு வந்து கடிக்கும். முகத்துக்கு வலை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், சிரித்தேன். இப்போது சொறிந்துகொண்டே எழுதுகிறேன்.

ஜூன் 8, ரூபா ஹூனிஷ்

தீவின் வடகோடி முனை. வழியெல்லாம் ஆடுகள், சேறு. நடுவில் கூரையில்லாத கல் சுவர்கள் சில. ஆட்டுப்பட்டி என்று நினைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

மேட்டின் விளிம்பில், 1928இல் கடலோரக் காவலுக்குக் கட்டிய சின்ன வீடு. இப்போது நடப்பவர்கள் தங்கலாம். பூட்டும் இல்லை, வாடகையும் இல்லை. இந்த மாதிரி இடத்தை இங்கே ‘பாத்தி’ என்கிறார்கள். கத்தரிக்காய்ப் பாத்தி இல்லை! ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். எதிரே மின்ச் கடல், அதற்கப்பால் நீலமாக லூயிஸும் ஹாரிஸுமான தீவு. திமிங்கிலம் வரும் இடம்தான், எனக்கு வரவில்லை.

முனைக்குப் போகப் பாறைச் சரிவில் இறங்க வேண்டும். ஓரிடத்தில் இரண்டு கையும் தேவைப்பட்டது. கீழே போனால் பசும்புல், கடலுக்குள் நிற்கும் கற்றூண்கள், பறவைச் சத்தம். ஆள் அரவமே இல்லை. இப்படி ஓர் இடம் மிச்சமிருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 9, நீஸ்ட் பாயிண்ட்

மழை, காற்று, கார் நிறுத்த இடமில்லை. 1909ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துத் திரும்பினேன். அவ்வளவுதான்.

ஜூன் 11, போரெரெய்க்

16 கிலோமீட்டர் சுற்று. கில்கிறிஸ்ட் தேவாலய இடிபாட்டுக்கு அருகில் தொடங்கி, பழைய சலவைக்கல் சுரங்கங்களைத் தாண்டி, பொட்டல் மேட்டில் ஏறி இறங்கினால் ஐஷார்ட் கடற்கழி. பழுப்பு நிலம் சட்டென்று முடிந்து பச்சை தொடங்குகிறது. அந்தப் பச்சைக்குள் வீடுகள்.

கூரையில்லை. சுவர் என் மார்பளவு. ஒரு வாசலில் நுழைந்தேன்; மூலைகள் வளைவாக இருந்தன, கற்களுக்கிடையே பெரணி. தரையில் ஆட்டுப் புழுக்கை. வெளியே வரிவரியாக மேடும் பள்ளமும்: நிஜப் பாத்திகள். கடற்பாசியைச் சுமந்து வந்து உரமாகப் போட்டு ஓட்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட நிலம். பச்சை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

1850களில் நில உரிமையாளர் தரப்பு இந்த ஊரையும், பக்கத்து சூஷ்னிஷையும் காலி செய்தது. குடியானவர்கள் தரும் குத்தகையைவிட ஆட்டில் வருமானம் அதிகம், அவ்வளவுதான் கணக்கு. அப்போது பாறை ஆராய வந்திருந்த இளைஞர் ஆர்ச்சிபால்ட் கைக்கி, பின்னாளில் பெரிய நிலவியலாளர், சூஷ்னிஷ் மக்கள் ஊர்வலமாக வெளியேறியதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அவர்களுடைய அழுகை பள்ளத்தாக்கு நெடுகக் கேட்டதாம்.

போரெரெய்க்கிலிருந்து சூஷ்னிஷுக்குப் பாறைச் சுவரின் அடியிலேயே பாதை. மேலிருந்து அருவிகள் நேராக முதுகில் தெளிக்கின்றன. இந்தப் பயணத்திலேயே அழகான நடை இதுதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் படம் எடுக்கக் கை போகவில்லை.

ஜூன் 12

குதிகாலில் கொப்புளம். அறையிலேயே இருந்துவிட்டேன். எட்டாம் தேதி நடந்த வழியின் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். நான் ஆட்டுப்பட்டி என்று நினைத்த இடத்தில் பொடி எழுத்தில் பெயர் போட்டிருக்கிறது: எரிஸ்கோ. அதுவும் காலி செய்யப்பட்ட ஊர். அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன். ஒரு சுவரில் வாசல் தெரிகிறது. வாசலில் நிற்கிறது ஓர் ஆடு.