விறைத்த கையும் அலியின் கையெழுத்தும்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கொடைக்கானல் ஏழு ரோட்டுப் பக்கம் நண்பரின் பழம்பொருள் கடையில் போய் உட்கார ஆரம்பித்தேன். நாணயம், தபால்தலை, சாவி கொடுக்கும் கடிகாரம் எல்லாம் அவர் பாடு. விளையாட்டு வீரரின் படம் அச்சிட்டு, அதன்மேல் அவர் கையெழுத்துப் போட்ட கார்டு வந்தால் மட்டும் என் பக்கம் தள்ளிவிடுவார். "காலமெல்லாம் கையெழுத்தைப் பார்த்தே சம்பளம் வாங்கினவரு. இதையும் பாருங்க சார்."

இந்த மலையில் பேஸ்பால் கார்டுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-இல் இங்கே பள்ளி தொடங்கினார்கள். அப்படி வந்துபோன வீடுகளின் பழைய பெட்டிகளில் எப்போதாவது ஒன்றிரண்டு அகப்படும். மற்றபடி வருவதெல்லாம் இணையத்தில் வாங்கியவை.

பாதி சந்தேகம் பத்து மடங்கு லென்ஸிலேயே தீர்ந்துவிடும். கையெழுத்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது படத்தோடு சேர்ந்து அச்சானது. பேனா மையாக இருந்தால் பளபளப்புக்கு மேலே படிந்திருக்கும். கார்டைச் சாய்த்தால் தனியாக மின்னும். இன்னும் சிலவற்றுக்கு லென்ஸே வேண்டாம். அமெரிக்க பேஸ்பால் வீரர் பேப் ரூத் 1948-இல் இறந்துவிட்டார். ஷார்ப்பி என்ற மார்க்கர் பேனா 1964-இல்தான் வந்தது. அதில் அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்? 1990-களில் அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. ஒரு பெரிய போலிக் கும்பலைப் பிடித்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகூடச் சிக்கியது. ஆசைக்கு அளவில்லை.

இதற்கெல்லாம் மசியாத கார்டுகள்தான் உண்மையான வேலை. அதற்கு நான் பாடம் படித்தது வங்கியில், அதுவும் ஒரு தப்பு செய்து. பூம்பாறைப் பூண்டு விவசாயி ஒருவரின் செக். மாதிரிக் கையெழுத்தோடு வைத்துப் பார்த்தால் கோடெல்லாம் நடுக்கம். 'கையெழுத்து வித்தியாசப்படுகிறது' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். மறுநாள் நேரில் வந்துவிட்டார். "ஜனவரிப் பனியில பூண்டு புடுங்குன கை சார். வெறைச்சுப் போயிருக்கு. நீங்க சொன்னபடி எப்படி வரும்?" எதிரிலேயே இரண்டு முறை போட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றுபோல் இல்லை. ஆனால் மூன்றுக்கும் ஓட்டம் ஒன்று. நடுங்கினாலும் எங்கேயும் நின்று யோசிக்கவில்லை. கடைசி எழுத்தில் பேனா மெலிந்து தானாகக் கழன்றது. போலி போடுகிறவன் எழுதுவதில்லை, வரைகிறான். தொடக்கமும் முடிவும் மழுங்கலாக இருக்கும். வளைவின் நடுவில் பேனாவைத் தூக்கி, எட்டிப் பார்த்து, மறுபடி வைத்திருப்பான். அன்றிலிருந்து நான் வடிவத்தைவிட வேகத்தைத்தான் பார்க்கிறேன்.

அப்படியும் போன மாதம் ஏமாறப் பார்த்தேன். தங்கும் விடுதி நடத்தும் பையன் ஒருவன் குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் கார்டோடு வந்தான். அப்பாவுக்கு அலி என்றால் உயிராம்; பிறந்தநாளுக்குப் பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்கியிருக்கிறான். கூடவே முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்று. (பிரிண்டர் வைத்திருப்பவன் எல்லாம் சான்றிதழ் கொடுக்கிறான்.) கையெழுத்து அவ்வளவு அழகு. பெரிதாக, வேகமாக, தடங்கலே இல்லாமல். அச்சு இல்லை, மை மேலேதான் இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அப்புறம் கார்டைத் திருப்பினேன். அச்சான வருஷம் 1991.

அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று 1984-இலேயே சொல்லிவிட்டார்கள். அந்த நோயில் எழுத்து சிறுத்து, நெருங்கி, மெதுவாகிவிடும். 1991-க்குப் பிறகு போட்ட கையெழுத்து இளமைக் காலத்துக் கையெழுத்தாக இருக்கிறது. யாரோ பழைய மாதிரி ஒன்றை வைத்து, கை தேறும்வரை பழகியிருக்கிறார்கள். நடுங்க மட்டும் பழகவில்லை.

"நல்லாத்தானே சார் இருக்கு?" என்றான் பையன்.

"நல்லா இருக்கறதுதான் தம்பி சிக்கல்."

விற்றவனிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க, காரணங்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னான். எழுதினேன். வெளியே மூடுபனி கடை வாசல்வரை வந்திருந்தது. கீழே கையெழுத்துப் போட்டபோது விரல் சொன்னபடி கேட்கவில்லை. 'ர' எங்கோ இழுத்துக்கொண்டு போனது. நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, லென்ஸை என் பக்கம் நகர்த்தினார்.

"இது உங்களுதுதானா சார்?"