குப்பனூர்க் கிணற்றில் ஒரு கயாக்

ஆறு வருஷமாக என் கயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு) மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. அம்மா அதன்மேல் பழைய வேட்டியை விரித்து ஜவ்வரிசி வடகம் ஊற்றுவாள். அடிப்பாகம் தட்டையாக இருப்பது வசதியாம். போன மாதம் அதைக் கீழே இறக்கியபோது வந்த முதல் கேள்வியே, "அப்ப வடகத்த எங்க போடறது?"

ரிஷிகேஷில் 2017ல் கற்றுக்கொண்டது. கடைசியாகக் கேரளத்தின் கோடஞ்சேரியில், 2019 ஜூலை மழையில் ஓட்டினேன். அப்புறம் குழந்தை, கொரோனா, உறைந்துபோன இடது தோள். அந்தக் கதை வேண்டாம்.

கவிழ்ந்த கயாக்கை உள்ளே உட்கார்ந்தபடியே நிமிர்த்தும் வித்தைக்கு ரோல் என்று பேர். அதைச் சேலத்தில் எங்கே போய் மறுபடி பழகுவது என்பதுதான் பெரிய சிக்கல். ஏற்காடு ஏரி மிதிபடகுக்காரர்களின் ராஜ்ஜியம், நடுவில் நான் தலைகீழாகக் கவிழ்ந்தால் கரையில் கூட்டம் கூடிவிடும். மேட்டூர் அணையில் பண்ணவாடிப் பரிசல் துறைப் பக்கம் தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனால் துணைக்கு ஆள் இல்லாமல் அவ்வளவு விரிந்த தண்ணீரில் கவிழ்ந்து பழக எனக்குத் துணிச்சல் கிடையாது. நகருக்குள் ஒரு நீச்சல் குளத்தில் கேட்டேன். டைல்ஸ் உடைந்துவிடும் என்றார்கள். பதினெட்டுக் கிலோ பிளாஸ்டிக்!

கடைசியில் மாமாவின் கிணறுதான். குப்பனூர்ப் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில், ஒருபுறம் பாக்குத் தோப்பும் மறுபுறம் குச்சிக்கிழங்குக் காடும். நாற்பதடிக்கு நாற்பதடி சதுரக் கிணறு. மழை நன்றாகப் பெய்திருந்ததால் மேலிருந்து பத்தாவது படியில் தண்ணீர். எட்டரையடிக் கயாக்கைக் கயிறு கட்டி இறக்கினோம். சுவர்ப் பொந்துகளில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் போயின.

நான் நீச்சல் கற்றதும் இதே கிணற்றில்தான். ஏழு வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா தூக்கிப் போட்டார். அன்று அவர் சொல்லித் தந்தது ஒரே ஒரு பாடம்: "தலையத் தூக்கு!" கை கால் எப்படிப் போனாலும் சரி, தலை மேலே இருக்க வேண்டும்.

கயாக் ரோலுக்கு அந்தப் பாடமே எமன். கவிழ்ந்து தலைகீழாகத் தொங்கும்போது மூச்சுக்காகத் தலைதான் முதலில் எழப் பார்க்கும். எழுந்தால் தண்ணீர்ப் பக்கத்து முழங்கால் தளர்ந்து, மறுபக்கத்து முழங்கால் படகை அழுத்தி, மறுபடி கவிழ்த்துவிடும். நிமிர வேண்டியது முதலில் படகு. துடுப்பைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் நீட்டி வைத்து, அந்தச் சின்னப் பிடிமானத்தில் இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, தண்ணீர்ப் பக்கத்து முழங்காலால் படகை மேலே இழுக்க வேண்டும். இதைத்தான் ஹிப் ஸ்னாப் என்பார்கள். படகு நிமிர்ந்த பிறகு உடம்பு, எல்லாவற்றுக்கும் கடைசியில் தலை. நாலைந்து கிலோ எடையுள்ள தலையைத் தண்ணீரே தாங்கிக்கொண்டிருக்கும்போது நாம் ஏன் தூக்க வேண்டும்?

இதெல்லாம் எனக்குத் தெரியும், எழுதியும் காட்டுவேன். கவிழ்ந்ததும் தெரிந்தது ஒன்றுதான்: தண்ணீர் பச்சை, மேலே கலங்கலாக ஒரு சதுர வானம். எந்தக் கை முன்னால் என்பதே மறந்துபோய், இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடியிருக்கும் ஸ்பிரே ஸ்கர்ட்டின் பட்டையை இழுத்து வெளியே வந்துவிட்டேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் துடுப்பைக் கீழ்நோக்கி இழுத்தேன், அதன் அகன்ற நுனியான பிளேடு ஆழத்தில் இறங்கியதுதான் மிச்சம்.

ஆற்றில் என்றால் கரைக்கு இழுத்துக் கவிழ்த்தால் தண்ணீர் வடிந்துவிடும். கிணற்றில் கரை ஏது? நிரம்பிய கயாக்கைப் படிக்கல்லின்மேல் பாதி ஏற்றிச் சாய்த்து, மிச்சத்தைச் சொம்பால் மொண்டு ஊற்ற வேண்டும். கூடவே நீந்திக்கொண்டு காவலுக்கு இருந்த மாமா பையன், "அக்கா, இதுக்கு ஏத்தம் எறைக்கறதே தேவல" என்றான்.

சரி, துடுப்பே வேண்டாம் என்று வைத்துவிட்டேன். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கல்லை இரண்டு கையாலும் பிடித்து, காதைக் கைமேல் வைத்துக்கொண்டு, இடுப்பால் மட்டும் படகைக் கவிழ்த்தேன், நிமிர்த்தினேன். இருபது தடவை இருக்கும். முதலில் கை எல்லா பாரத்தையும் வாங்கியது. போகப் போகக் கல்லை விரல் நுனியால் தொட்டாலே போதும் என்றானது. இடுப்புக்கு மறக்கவில்லை, கைதான் குறுக்கே வந்துகொண்டிருந்தது.

அப்புறம் எலுமிச்சை. கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கவிழ வேண்டும். தலை முந்தினால் பழம் நழுவி மிதக்கும், பொய் சொல்ல முடியாது. படியில் உட்கார்ந்திருந்த மாமா, "திருஷ்டிக்கா கண்ணு?" என்று கேட்டார். அதே நேரம் எட்டு வயதுப் பேரனைத் தண்ணீரில் விட்டு, "தலையத் தூக்குடா! தூக்கு!" என்று அதட்டிக்கொண்டும் இருந்தார். தண்ணீருக்கடியிலும் அந்தக் குரல் மங்கலாகக் கேட்டது. முப்பது வருஷத்துப் பழக்கம், தூக்கிவிட்டேன். பழம் மிதந்தது. பேரன் நாய்நீச்சலில் போய் எடுத்து வந்தான். அவனுக்கு அன்று நீச்சல் வந்தது பாதி அந்தப் பழத்தால்தான்.

1927ல் எடி ஹான்ஸ் பவ்லாட்டா என்ற ஆஸ்திரியாக்காரர், கிரீன்லாந்து வேட்டைக்காரர்களைப் பற்றிப் புத்தகங்களில் படித்ததை வைத்தே ரோல் பழகினார். அவர் முறையில் ஒரு கை துடுப்பின் கடைசி பிளேடையே பிடித்துக்கொள்ளும், நெம்புகோல் நீளமாகிவிடும். ஆற்றில் பிடியை மாற்ற நேரம் இருக்காது என்பதால் ரிஷிகேஷில் அதை மதிக்க மாட்டார்கள். கிணற்றில் என்ன அவசரம்? அப்படிப் பிடித்துக் கவிழ்ந்தேன். துடுப்பு பெரிய அரைவட்டமாக நகர்ந்தது, இடுப்பு வெட்டியது, வெயில் முகத்தில் அடித்தது. கன்னத்தில் பழம் இருந்தது.

அதன்பின் வழக்கமான பிடியில் ஆறு முயற்சி, மூன்று வந்தன. மறுபக்கம் ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கம் இடது தோள் வேலை செய்ய வேண்டும். முழங்கை விலாவை விட்டு விலகினால் சுருக்கென்றது, நிறுத்திக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் ஓடினால் கிணறு பாக்குக்குச் சொந்தம். கயாக்கை மேலே இழுத்து, ஈரத்துணியோடு தட்டுவடை செட்டைப் பிரித்தபோது மாமா கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"பழத்த எடுத்துட்டுப் போ கண்ணு. நாளைக்கு அமாவாச. கெணத்துல எலுமிச்சம்பழம் மெதந்தா பக்கத்துத் தோட்டத்துக்காரன் எம்மேல பஞ்சாயத்து வெப்பான்."

மறுபடி இறங்கினேன்.