இருபது நிமிட வண்டி

சரியாக இருபது நிமிடம்தான். முந்திரித் தோப்பின் மேற்கு வரப்பிலிருந்து டிராக்டரில் உழ ஆரம்பித்தால், நாலாவது சால் திரும்பும்போது இழுவை குறையும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் பக்கம் இரண்டு முறை தும்மும். நான் ஆக்சிலேட்டர் நெம்பைக் கீழே இழுக்க இழுக்க வேகம் இறங்கிக்கொண்டே போய், கலப்பை மண்ணில் பதிந்தபடியே வண்டி நின்றுவிடும். கால் மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வந்து போட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். அப்புறம் பத்து நிமிடம். ஆனி மாதத்தில் தற்செயலாகக் கிடைத்த ஒரு மழையின் ஈரத்தை இப்படியே காயவிட்டேன்.

வண்டி பெர்குசன். சாம்பல் நிறம், பெட்ரோல் எஞ்சின். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் செய்தார்கள். இதே ரக டிராக்டரில்தான் எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவம் போய்ச் சேர்ந்தார். எங்கள் வண்டி பண்ருட்டி ரயில்வே கேட்டைத் தாண்டியதே பெரிய விஷயம். அப்பா இதை 1974-ல் இரண்டாம் கையாக வாங்கி, கரும்பு வண்டி இழுத்தார். இப்போது தோப்பு உழவுக்கு மட்டும் எடுக்கிறேன். டீசல் டிராக்டர் வாடகைக்கு எத்தனையோ கிடைக்கும். ஆனால் தாழ்ந்த முந்திரிக் கிளைகளுக்குள் ஒரு பூங்கொத்தையும் உதிர்க்காமல் நுழைந்து வர இதைவிட்டால் வேறு வண்டி இல்லை. இதற்கு ஸ்டார்ட் செய்ய சாவியும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கியர் கம்பியை 'எஸ்' என்று போட்டிருக்கும் பக்கம் தள்ளினால்தான் எஞ்சின் சுற்றும். தெரியாதவன் திருடிக்கொண்டு போக முடியாது.

நான் இருபத்தொன்பது வருடம் அரசு பஸ் ஓட்டியவன். டீசல் எஞ்சினைக் காதாலேயே பார்த்துவிடுவேன். பெட்ரோல் எஞ்சின் எனக்குச் சின்னம்மா வீடு மாதிரி. போக வர இருப்பேனே தவிர, எந்தப் பாத்திரம் எங்கே என்று தெரியாது. அதனால் பண்ருட்டியில் இரு சக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் அக்கா மகனைக் கூப்பிட்டேன்.

"காயில்தான் மாமா. சூடானால் செத்துவிடும், ஆறினால் பிழைத்துவிடும்" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் உண்டு. பிளக்குக்குத் தீப்பொறி தருவது காயில்தான். பழைய காயிலின் உள்சுற்றுக் கம்பி சூட்டில் பழுது காட்டும், கண்டென்சரும் அப்படித்தான். இரண்டையும் மாற்றினோம். பொறிக்கான மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்டைத் தேய்த்து இடைவெளி சரிசெய்தான், நான்கு பிளக்கும் புதிது. ஆயிரத்தெண்ணூறு ரூபாய். மறுநாள் நாலாவது சாலில் அதே இடம், அதே தும்மல்.

அப்பா காலத்தில் இதை ஓட்டியவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். திண்ணையில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நிற்கும்போது எப்படி நிற்கிறது? சுவிட்சை அணைத்ததுபோலவா, எண்ணெய் தீர்ந்த அகல்போலவா?"

எண்ணெய் தீர்ந்த அகல்போலத்தான். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பொறி போனால் எஞ்சின் சட்டென்று வெட்டிப்போகும். மெல்ல மெல்ல இளைத்துச் சாகிறது என்றால் அதற்குத் தீனி போகவில்லை. கார்புரேட்டரில் தும்முவதும் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்ததற்கான அடையாளம். ஆயிரத்தெண்ணூறு ரூபாய்க்கு முன்னால் இந்தத் திண்ணைக்கு வந்திருக்கலாம்.

"நின்ற இடத்திலேயே பார். வீட்டுக்கு இழுத்து வந்து, ஆறவைத்துவிட்டுப் பார்த்தால் அதில் என்ன தெரியும்?" என்றார்.

மறுநாள் மஞ்சள் பையில் பிளக் ஸ்பேனர், திருப்புளி, ஓர் அகலமான கண்ணாடிப் பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு உழப் போனேன். நாலாவது சாலில் இளைக்க ஆரம்பித்ததும் சோக்கைப் பாதி இழுத்தேன். வண்டி உடனே நிமிர்ந்து பத்தடி இழுத்தது! சோக் காற்றை அடைத்து, இருக்கும் பெட்ரோலைக் கூடுதலாக உறிஞ்சவைக்கும். பொறியில் கோளாறு இருந்தால் அதனால் ஒரு பயனும் இருந்திருக்காது. பத்தடி தாண்டி நின்றது. நின்ற சூட்டிலேயே ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு எஞ்சின்மேல் சாய்த்து வைத்து, எஞ்சினைச் சுற்றவிட்டுப் பார்த்தேன். நீலப் பொறி, 'டக் டக்' என்று. காயில் குற்றமற்றது. பிளக்கைத் திரும்பப் பூட்டிவிட்டு, எஞ்சின் சற்று ஆறும்வரை ஒரு பீடி நேரம் பொறுத்தேன். பீடியை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது, கணக்கு மட்டும் போகவில்லை.

பிறகு கார்புரேட்டருக்குக் கீழே இருக்கும் வடிகால் திருகைக் கழற்றிப் பாட்டிலைப் பிடித்தேன். இந்த வண்டியில் பெட்ரோல் பம்பு கிடையாது. மேலே டேங்க், கீழே கார்புரேட்டர், தானாகவே இறங்கி வரும். டேங்க் முக்கால் நிறைந்திருந்தது. நிற்காமல் ஓர் ஒழுக்காகக் கொட்ட வேண்டும். கொஞ்சம் கொட்டியது, நூலாக மெலிந்தது, பிறகு சொட்டு. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் மூன்று எண்ணலாம். பாட்டிலை ஒரு கையில் பிடித்தபடியே இன்னொரு கையால் டேங்க் மூடியைத் திருகினேன்.

'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. கீழே சொட்டு நூலாகி, நூல் ஒழுக்காகிப் பாட்டிலில் சலசலத்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோது, ஒரு மரம் இந்த வண்டியின் மேலும் விழுந்தது. பானெட் நசுங்கிப் போய்க் கழற்றி எறிந்துவிட்டோம். அன்றிலிருந்து டேங்க் வெட்டவெளியில். 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது, டேங்குக்குள் தண்ணீர் போகாமல் இருக்க மூடிக்கு அடியில் சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி அடைத்தேன். மூடியில் காற்று போவதற்கென்று இருந்த குண்டூசித் துளையும் சேர்ந்து அடைபட்டது. பெட்ரோல் இறங்க இறங்க மேலே வெற்றிடம் கூடி, இருபதாவது நிமிடத்தில் கீழே விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. நின்று கால் மணி நேரத்தில் எங்கிருந்தோ காற்று கசிந்து உள்ளே போனதும் மறுபடி விட்டது. செய்தவன் நான். இதை அக்கா மகனிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று.

ட்யூபை எடுத்தாயிற்று. வண்டி ஒரு மணி நேரம் ஓடியது. பிறகு நின்றது.

இந்த முறை மூடியைத் திறந்தும் சொட்டு ஒழுக்காகவில்லை. டேங்குக்கு அடியில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த வடிகட்டி உண்டு. குழாயை மூடி, கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் செம்மண் குழம்புபோல் துரு, அதற்குள் முத்து முத்தாகத் தண்ணீர். நான் ட்யூப் போடுவதற்கு முன்பே புயல் மழை உள்ளே போயிருந்தது. இப்போது பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது எத்தனால். அது ஈரத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் கெடுக்கும். கிண்ணத்து வாஷர் ஊறிப் பிசுபிசுத்திருந்தது. அந்த எத்தனாலில் ஒரு பங்கு கரும்பிலிருந்துதான் வருகிறது. அப்பா இதே வண்டியில் ஆலைக்கு இழுத்த கரும்பு, சுற்றிக்கொண்டு வந்து இதன் வாயிலேயே விழுகிறது.

டேங்கைத் தனியாகக் கழற்றினோம். பட்டறைப் பையன் ஒருவன், ஓரத்தில் இருந்த சிறு கசிவைக் கையோடு பற்றவைத்துவிடலாமா என்று கேட்டான். பெட்ரோல் ஆவி நிறைந்த டேங்கில் நெருப்பா? அவனை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு, கசிவைப் பசை போட்டு அடைத்தேன். பெட்ரோலை வடித்து, சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, ஒரு முழம் சங்கிலியை உள்ளே போட்டு நானும் அக்கா மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். தூளி ஆட்டுவதுபோல் அரை மணி நேரம். கொட்டியபோது அரிசி உமி அளவில் துருச் செதில்கள். பெட்ரோல் ஓட்டத்தில் ஒரு செதில் வந்து குழாயின் வாயில் ஒட்டும், எஞ்சின் நின்றதும் நழுவிக் கீழே படியும். அதனால்தான் இந்தக் கோளாறும் காயில் மாதிரியே நடித்திருக்கிறது. இரண்டு நாள் ஆடி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, புது வாஷர், புது ரப்பர் குழாய் போட்டுப் பூட்டினோம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் போட்ட வண்டி, நான் சாப்பிட நிறுத்தும்வரை நிற்கவில்லை. ஏற்றத்தில் மட்டும் இன்னும் லேசாக ஒரு விக்கல் இருக்கிறது; கார்புரேட்டரை அவிழ்க்க வேண்டும், அவசரமில்லை. மூடியின் துளையைக் குண்டூசியால் குத்திச் சுத்தம் செய்தாயிற்று. மழைக்கு, அதன்மேல் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, கொட்டாங்கச்சியைத் தூக்கி, துளையில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்.