மரம் வேண்டாம், நட்சத்திரம் இருக்கட்டும்

நாகர்கோவிலில் டிசம்பர் பிறந்தால் போதும், அப்பா ஏணி போட்டு வாசலில் காகித நட்சத்திரத்தைக் கட்டிவிடுவார். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தபோது பெட்டியில் ஒன்றை மடித்துக் கொண்டுவந்தேன். நான் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவள், வீட்டுக்காரர் யூதர். நட்சத்திரத்துக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, கிறிஸ்துமஸ் மரம் வைக்கலாமா என்றதும்தான் முகம் மாறியது. எனக்கு மரம் பெரிய விஷயமே இல்லை, ஊரில் குடில்தான் முக்கியம், மரம் என்றால் சவுக்குக் கிளையை வாளி மண்ணில் நட்டுப் பஞ்சு ஒட்டுவோம், அவ்வளவுதான். ஆனால் தெருவே மரம் வைக்கையில் தங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்பதை வைத்துத்தான் சின்ன வயதில் அவர் தன்னை யூதனாக உணர்ந்திருக்கிறார். இது எனக்குப் புரிய இரண்டு டிசம்பர் ஆனது. சரி, மரம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஹனுக்கா என்கிற எட்டு நாள் யூதப் பண்டிகை, அவர்கள் மாதமான கிஸ்லேவ் 25-ல் தொடங்கும். நிலாவை ஒட்டிய கணக்கு, அதனால் நம் காலண்டரில் தேதி நகர்ந்துகொண்டே இருக்கும். 2024-ல் முதல் மெழுகுவர்த்தி ஏற்றும் மாலை சரியாக டிசம்பர் 25. மாமியார் வந்திருந்தார். எருசலேம் ஆலயத்தில் ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்த கதைக்காக அன்று எண்ணெயில் பொரித்ததைத்தான் சாப்பிடுவார்கள். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் துருவி, துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்து, முட்டை சேர்த்துத் தட்டிப் பொரித்தால் லாட்கே. பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது, ஈரம் நின்றால் மொறுமொறுப்பு வராது. மாமியார் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் இரண்டு பச்சை மிளகாயை நறுக்கிப் போட்டேன். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார். பேசாமல் ஆப்பிள் சாஸ் இன்னும் இரண்டு கரண்டி விட்டுக்கொண்டார்.

ஹனுக்கா மெழுகுவர்த்தி விளக்கை வெளியே தெரியும்படி ஜன்னலில் வைப்பது வழக்கம். எங்கள் ஜன்னலில் ஏற்கெனவே நட்சத்திரம் தொங்குகிறது. காகிதம், நேர் கீழே நெருப்பு! வீட்டுக்காரர் நாற்காலி போட்டு ஏறி அதை இரண்டு முழம் தள்ளிக் கட்டினார்.

அப்புறம் அம்மா கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்தை எடுத்து வைத்தேன்.

"எண்ணெயில் பொரித்ததா?" என்றார் மாமியார்.

ஆமாம் என்றேன்.

"அப்படியென்றால் இதுவும் ஹனுக்கா பலகாரம்தான்" என்று இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

போனில் சொன்னேன், அம்மா சண்டைக்கே வந்துவிட்டாள். "அதெப்படி? அது நம்ம கிறிஸ்துமஸ் பலகாரம்லா!"