அப்பா கேட்ட மூலைமட்டம்: எகிப்து நாட்குறிப்பு

2026 ஜனவரி 17, சனி. கெய்ரோ

அறைக்கு வந்து சேர இரவு 11 மணி ஆகிவிட்டது. அண்ணன் மகள் படுத்ததும் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் இன்றைக்கே எழுத ஆரம்பிக்கிறேன்.

இந்தப் பயணத்துக்காக 11 வருஷம் காசு சேர்த்தேன். ஆசை அதைவிடப் பழையது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது சிமென்ட் கடைக்காரர் கொடுத்த காலண்டரில் பிரமிடு படம் வந்தது. அப்பா கொத்தனார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தப் படத்தையே பார்ப்பார். ஒருநாள், "இத்தனை பெரிய கட்டடத்துக்கு நாலு மூலையும் எப்படி கண்ணு மட்டம் பிடிச்சிருப்பாங்க?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? வருஷம் முடிந்த பிறகும் அந்தக் காலண்டரை அவர் கழற்றவில்லை.

அப்பா போய் 9 வருஷம் ஆகிறது. நான் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் 24 வருஷமாக மஸ்டர் ரோல் எழுதுகிறேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு எவ்வளவு கூலி. நாளை கீசா.

ஜனவரி 18, ஞாயிறு. கீசா

காலை 8 மணிக்கே போய்விட்டோம். ஊர் முடிகிற இடத்தில், கடைகளுக்கும் மாடி வீடுகளுக்கும் பின்னால் பிரமிடு நிற்கிறது. வண்டி திரும்பியதும் கண்ணில் பட்டது. நான் பேசாமல் இருந்தேன். அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குஃபு மன்னருடைய பிரமிடு. கட்டி 4,500 வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் 146 மீட்டர் உயரம் இருந்தது. வெளியே போர்த்தியிருந்த வழுவழுப்பான வெள்ளைச் சுண்ணாம்புக் கல் போய்விட்டதால் இப்போது 138 மீட்டர் சொச்சம். ஒவ்வொரு பக்கமும் 230 மீட்டர். நாலு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். அடித்தளத்தின் மட்டத்திலும் அப்படித்தான், ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டருக்குள் நிற்கிறது. எங்கள் சைட்டில் 30 அடிச் சுவருக்கு அதைவிடக் கூடுதலாக விலகியதைப் பார்த்திருக்கிறேன்.

வடகிழக்கு மூலையில் ரொம்ப நேரம் நின்றேன். எல்லோரும் ஒட்டகத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மூலைக்கல்லையும் அதன் கீழே தளமாகச் செதுக்கியிருந்த பாறையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போவதற்குத் தனிச் சீட்டு. முதலில் குனிந்தே ஏறவேண்டிய ஒடுக்கமான பாதை. பலகையில் குறுக்குச் சட்டம் அடித்துப் படிபோல வைத்திருக்கிறார்கள். முழங்கால் கெஞ்சியது. அது முடிந்ததும் தலைக்கு மேல் எட்டரை மீட்டர் உயரத்துக்கு ஒரு பெரிய கூடம் திறந்தது. இரண்டு பக்கச் சுவரும் வரிக்கு வரி கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் நீண்டு மேலே நெருங்குகின்றன. மேலே மன்னரின் அறை. முழுக்க முழுக்கக் கருங்கல், எல்லாமே சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே அஸ்வானில் வெட்டி நைல் வழியே வந்தவை. கூரைக்கு ஒன்பது பலகைக் கற்கள். நடுவே மூடி இல்லாத கல்பெட்டி ஒன்று மட்டும். அந்தப் பெட்டி நாங்கள் ஏறிவந்த பாதையைவிட அகலம். அப்படியென்றால் அறையைக் கட்டும்போதே உள்ளே இறக்கியிருக்கிறார்கள். பீரோவை முதலில் வைத்துவிட்டு அப்புறம் வாசல் நிலை வைக்கச் சொல்வார்களே, அதே யோசனை. சுவர்க் கல்லின் இணைப்பில் நகத்தை வைத்துப் பார்த்தேன். நகம் இறங்கவில்லை.

சாயங்காலம் வழிகாட்டி ஒரு விஷயம் சொன்னார். 1990இல் ஒரு குதிரை கால் இடறியதில் மண்செங்கல் சுவர் ஒன்று தெரிந்ததாம். தோண்டியபோது பிரமிடு கட்டியவர்களின் கல்லறைகள் கிடைத்தன. எலும்புகளில் முறிவு ஆறிய தடம் இருக்கிறது. கட்டுக்கட்டி வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அவர்கள் இருந்த ஊர், ரொட்டி சுட்ட அடுப்புகள், தின்ற மாட்டு எலும்புகள். சாட்டையடி வாங்கிய அடிமைகள் கட்டினார்கள் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை நான் 40 வருஷம் நம்பியிருக்கிறேன். இறந்தவர்களை ராஜாவின் கல்லறைக்கு அருகிலேயே மரியாதையாகப் புதைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 19, திங்கள்

இன்றைக்கு முழுவதும் கீசாவின் புதிய அருங்காட்சியகம். 2025 நவம்பரில்தான் முழுமையாகத் திறந்தார்கள். நுழைந்ததும் இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் சிலை, 11 மீட்டர், 83 டன்.

துத்தன்காமுன் கல்லறையில் கிடைத்த 5,000க்கும் மேற்பட்ட பொருள்களையும் இங்கேதான் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். தங்க முகமூடியைச் சுற்றிக் கூட்டம். பார்த்தேன், அழகுதான். ஆனால் என்னை நிறுத்தியது அவன் சின்ன வயதில் உட்கார்ந்த நாற்காலி. என் இடுப்பளவுகூட இல்லை. பத்து வயதுக்கு முன்பே அரசனாகி 19 வயதுக்குள் செத்துப்போன பையன். கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் 1924இல் கல்பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, உள்ளே இருந்த வெளிச் சவப்பெட்டியின் நெற்றியில் ஒரு குட்டிப் பூமாலை இருந்ததாம். காய்ந்திருந்தும் நிறம் லேசாக மிச்சமிருந்ததாம். அத்தனை தங்கத்துக்கு நடுவே யாரோ கையால் கட்டி வைத்த மாலை. அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று அதைத்தான் நினைத்தேன்.

அப்புறம் குஃபுவின் படகு. 1954இல் பிரமிடுக்குப் பக்கத்துக் குழியில் 1,224 துண்டுகளாக அடுக்கிக் கிடைத்தது. சேர்த்தபோது 43 மீட்டர். ஆணியைக் காணோம். பலகைக்குப் பலகை துளை போட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். இதைச் சேர்த்தவர் அகமது யூசுப் என்ற புனரமைப்பாளர். முதலில் படகு கட்டுகிற ஆசாரிகளிடம் போய்த் தொழிலைப் பார்த்துப் படித்துவிட்டு வந்து, பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தார். அவர் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

ராத்திரி ரயிலில் லக்ஸர் போகிறோம். ரயில் வரும்வரை எழுதுகிறேன்.

காலையில் தஆமியா சாப்பிட்டோம். காய்ந்த அவரை போன்ற ஒரு பெரிய பருப்பை ஊறவைத்து, கொத்தமல்லித் தழை சேர்த்து அரைத்துத் தட்டிப் பொரிக்கிறார்கள். உள்ளே பச்சையாக இருக்கும். "அத்தை, நம்ம மசால் வடைதான் இது" என்றாள் அண்ணன் மகள். கூடவே ரொட்டி. ரொட்டிக்கு இங்கே அய்ஷ் என்று பெயர். உயிர்வாழ்வுக்கும் அரபியில் அதே சொல்தான்.

குளிர் அதிகமாக இருக்கிறதே என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "இது தூபா மாசம்மா" என்று சொன்னதாக அண்ணன் மகள் போனில் மொழிபெயர்த்துச் சொன்னாள். எகிப்தின் கிறிஸ்தவர்களான காப்டிக் மக்கள் வைத்திருக்கும் பழைய காலண்டரில் அது ஐந்தாம் மாதம். உழவர்கள் இன்னமும் அதைப் பார்த்துத்தான் விதைப்பு, அறுப்பு எல்லாம் செய்கிறார்களாம். மாதப் பெயர்கள் பலவும் பாரோ காலத்திலிருந்து வருபவை. நம் தை மாதமும் தூபாவும் ஏறக்குறைய ஒன்றாக ஓடுகின்றன.

ஜனவரி 22, வியாழன். லக்ஸர்

கர்னாக் கோயிலில் 134 தூண்கள் நிற்கும் மண்டபம். நடுவில் இருக்கும் பன்னிரண்டும் 21 மீட்டர். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதவேண்டியது முதல் கோபுரத்தின் பின்புறம். அந்த வாசல் கோபுரத்தைக் கட்டி முடிக்கவே இல்லை. அதனால் கல்லை ஏற்றப் போட்ட மண்செங்கல் சாய்தளத்தின் மிச்சம் இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்தால் சாரம் பிரிப்பார்கள், முடியாவிட்டால் அப்படியே நிற்கும். கோயிலுக்கு வந்து சாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. காவலர் வந்து என்ன தொலைத்தீர்கள் என்று சைகையில் கேட்டார்.

பிற்பகலில் மன்னர்களின் பள்ளத்தாக்கு. மூன்று கல்லறை பார்த்தோம். நிறம் அப்படியே இருக்கிறது.

லக்ஸருக்கு வடக்கே நைல் கரையிலிருந்து கிழக்கே பாலைவனப் பாதை போகிறது. அது போய்ச் சேரும் செங்கடல் துறைமுகம்தான் குசெய்ர். அங்கே தோண்டியபோது தமிழ் பிராமியில் "பானை ஒறி" என்று எழுதிய பானை ஓடு கிடைத்தது. கயிற்றில் தொங்கவிடுகிற உறியைத்தான் சொல்கிறது. கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் எழுதிய ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. இன்னும் தெற்கே பெரெனிகே என்ற துறைமுகத்தில், கோயில் முற்றத்தில் ஏழரை கிலோ மிளகோடு ஒரு சாடி. 2,000 வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்க்காரர் யாரோ அந்தக் கரையில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார். பானையில் பெயர் எழுதுகிற பழக்கம் எங்கள் வீட்டுப் பித்தளைக் குடம் வரைக்கும் வந்திருக்கிறது.

ஜனவரி 23, வெள்ளி. டெய்ர் எல்-மதீனா

இன்றைக்காகத்தான் வந்தேன்.

மன்னர்களின் கல்லறைகளை வெட்டி, செதுக்கி, வண்ணம் தீட்டியவர்கள் குடும்பத்தோடு இருந்த ஊர் இது. இடுப்பளவுச் சுவர்கள்தான் மிச்சம். நடுவே ஒரு தெரு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி 70 வீடு. ஒடுக்கமான நீள வீடு, முன்னறை, நடு அறை, பின்னால் அடுக்களை, மாடிக்குப் படி. எங்கள் லைன் வீடு மாதிரியே. ஊரில் தண்ணீர் கிடையாது. கீழேயிருந்து கழுதையில் ஏற்றிவருவார்கள். பிற்காலத்தில் தண்ணீர் தேடி 50 மீட்டர் தோண்டியும் ஊற்று வரவில்லை. கிணறு குப்பைக்குழியானது. அந்தக் குப்பையில்தான் எழுத்துள்ள கல் சில்லும் பானை ஓடும் 5,000க்கு மேல் கிடைத்தன. கடன் கணக்கு, துணி துவைக்கப் போட்ட கணக்கு, சண்டை, கடிதம் எல்லாம்.

இந்த ஊர்க்காரர்களின் வருகைப் பதிவேடு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பல வருஷத்துக்கு முன் பார்த்த அன்றைக்கே இங்கே வரவேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சி ஆண்டு. சுண்ணாம்புக் கல் பலகையில் வலது ஓரமாக 40 பேருடைய பெயர். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, வராத தேதிகள் கருப்பு மையில். தேதிக்கு மேலே காரணம், சிவப்பு மையில். ஒருவருக்கு உடம்பு சரியில்லை. ஒருவருக்குக் கண்வலி. ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவர் பீர் காய்ச்சப் போயிருக்கிறார். ஒருவர் தாயின் உடலைத் துணி சுற்றிப் பதப்படுத்தப் போயிருக்கிறார்.

நானும் வராதவர்களைச் சிவப்பு மையில்தான் எழுதுகிறேன். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்த பழைய கணக்கர் அவருக்கு முன்னால் இருந்தவரிடம் கற்றார். "அம்மா காரியம்" என்று நான் போன மாதம்கூட ஒரு சித்தாளின் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறேன். தெருவில் ஒரு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் மகள், "அத்தை, தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டினாள். அழுதிருக்கிறேன் போலிருக்கிறது.

கூலி தானியமாகத்தான். ஒரு ஆளுக்கு மாதம் நாலு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. மேஸ்திரிக்குக் கொஞ்சம் கூடுதல். மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டில் கூலி வரவில்லை. வேலையைப் போட்டுவிட்டு வெளியே போய்க் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய் இல்லை, மன்னருக்கு எழுதுங்கள் என்று சொன்னதை எழுத்தர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் வேலைநிறுத்தம் அதுதான். எழுதிய கையை நான் வணங்குகிறேன்.

அப்புறம் சென்னெஜெம் கல்லறை. செங்குத்தான படியில் இறங்கி, தவழாத குறையாக நுழைந்தால் ஒரு சின்ன அறை, வளைவுக் கூரை. நாலு சுவரும் மஞ்சள். ஒரு சுவரில் சென்னெஜெம் ஏர் ஓட்டுகிறார். பின்னாலேயே மனைவி இயினெஃபெர்தி விதை தெளித்துக்கொண்டு போகிறார். கீழே வாய்க்கால், ஈச்சமரம், பூச்செடி. ராஜாவுக்கு வேலை செய்துவிட்டு வந்து ஓய்வு நாளில் தனக்கென்று வரைந்துகொண்டவர்கள். 1886இல் யாரும் கை வைக்காத நிலையில் இது கிடைத்தது.

அவரோடு கூடப் புதைத்த சாமான்களில் மூன்று, கட்டட வேலைக் கருவிகள். ஒரு மூலைமட்டம். 'ஏ' எழுத்துபோல மரச்சட்டம் கூட்டி நடுவே குண்டு தொங்கும் மட்டம். சுவர் செங்குத்துப் பார்க்கும் தூக்குக்குண்டு. படத்தைப் பார்த்தால் எந்தக் கொத்தனாரும் பெயர் சொல்லிவிடுவார். குஃபுவுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பிந்தியவர் சென்னெஜெம். ஆனாலும் நூலும் குண்டும் மரச்சட்டமும்தான் அன்றைக்கும் இருந்திருக்கும். இப்படித்தான் பிடிச்சாங்க அப்பா.

ஜனவரி 26, திங்கள். அஸ்வான்

வெட்டி முடிக்காத கல்தூபி. பாறையோடு ஒட்டியபடியே படுத்திருக்கிறது. 42 மீட்டர், ஆயிரம் டன்னுக்கு மேல். எழுப்பியிருந்தால் எகிப்திலேயே பெரியதாக இருந்திருக்கும். மூன்று பக்கம் வெட்டிய பிறகு கல்லில் விரிசல் தெரிந்து, அப்படியே விட்டுவிட்டார்கள்.

கருங்கல்லில் செப்பு உளி இறங்காது. டோலரைட் என்ற இன்னும் கடினமான கல்லை உருண்டையாக எடுத்து, இரண்டு கையாலும் தூக்கி இடித்தே பொடியாக்கியிருக்கிறார்கள். ஆள் உட்கார்ந்து இடித்த பள்ளம் பள்ளமாக, வரிசையாகத் தெரிகிறது. ஒரு பள்ளம் ஒரு ஆளின் வேலை. 1922இல் இதை ஆராய்ந்த ரெக்ஸ் எங்கல்பாக் ஒரு மணி நேரம் தானே இடித்துப் பார்த்தார். அரை சென்டிமீட்டர்தான் இறங்கியது. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மேஸ்திரிகள் அளந்து சிவப்புக் கோடு போட்டிருந்ததையும் அவர் குறித்திருக்கிறார். எங்கள் ஆபீஸில் இப்படி அளந்து குறிக்கிற புத்தகத்துக்கு எம்-புக் என்று பெயர்.

தூபிக்கு வெளியே உதிரிப் பாறை ஒன்றைக் காட்டி, இதில் வேண்டுமானால் இடித்துப் பாருங்கள் என்று வழிகாட்டி ஒரு உருண்டையைக் கொடுத்தார். நாலைந்து கிலோ இருக்கும். இருபது தடவை இடித்தேன். வெள்ளையாக ஒரு தடம், விரல் நுனியில் ஒட்டுகிற அளவு மாவு. அண்ணன் மகள் முப்பது இடித்தாள்.

இரவு செம்பருத்தி வகைப் பூவில் போட்ட கர்கடே குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். வலது உள்ளங்கை இன்னும் எரிகிறது, பேனா நழுவுகிறது. விடியற்காலை 4 மணிக்கு அபு சிம்பெல் வண்டி.