பிச்சாவரம்: படகில் போய் மரம் பார்த்த கதை

பிச்சாவரத்தில் இருப்பது அலையாத்திக் காடு, கடலோர உப்புச் சேற்றில் நிற்கும் காடு. சிதம்பரம் ரயில் நிலைய வாசலில் அங்கே போக ஆட்டோ 800 ரூபாய் என்றார்கள். போகிற தூரம் 15 கிலோமீட்டர் சொச்சம். அநியாயம்! பேரம் பேசியதில் 650 வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. பேசாமல் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். கிள்ளை வழியாகப் பஸ் இருக்கிறது, காத்திருக்கத்தான் பொறுமை வேண்டும். நான் ஏறிய பஸ்ஸில் ஜன்னல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெயில் முழுக்க என் தோளில்தான். இருந்தாலும் மிச்சம் பிடித்த காசு படகுக்கு ஆயிற்று.

எப்படிப் போவது, என்ன செலவு, எந்த நேரம் நல்லது என்று வரிசையாக எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: மோட்டார் படகில் போகாதீர்கள். அது அகலமான கால்வாயோடு திரும்பிவிடும், சத்தத்துக்கு ஒரு கொக்குகூட நிற்காது. துடுப்புப் படகுதான் குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழையும். நாமாகக் கேட்காவிட்டால், எந்த சினிமாப் படத்தை எங்கே எடுத்தார்கள் என்பதுதான் வழியெல்லாம் படகோட்டியின் பேச்சு. நான் ஏறியதுமே, "அண்ணே, எனக்கு மரத்தைக் காட்டுங்க, அது போதும்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "மரத்தக் கேட்டு யாரு தம்பி வர்றாங்க?" என்று துடுப்பை ஓரமாகத் திருப்பினார்.

சுரபுன்னை மரத்தின் முட்டுவேர்கள் தண்டிலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டல் மரம் இதற்கு நேர்மாறு. அதன் மூச்சுவேர்கள் சேற்றுக்குள்ளிருந்து மேல்நோக்கி, பென்சில்களை நட்டு வைத்த மாதிரி வருகின்றன. அண்ணன் ஒரு வெண்கண்டல் இலையைப் பறித்துத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் பொடிப்பொடியாக வெள்ளை. நாக்கில் வைத்தால் உப்பு! உறிஞ்சிய உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. சுரபுன்னையோ பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. ஒரே சேறு, ஒரே தண்ணீர், இரண்டு விதமான பிழைப்பு. தில்லை மரத்தை மட்டும் தொடவிடவில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நடராசர் கோயிலின் தல மரம் இதுதான்.

சுரபுன்னையிலேயே இங்கே இரண்டு இனம் உண்டு: ரைசோபோரா அபிகுலேட்டா, ரைசோபோரா முக்ரோனேட்டா. இவை இரண்டும் கலந்து பிறந்த ஒரு கலப்பினத்தைப் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தின் பேராசிரியர் கே. கதிரேசன் 1990களில் அடையாளம் கண்டு விவரித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் அது ரைசோபோரா அண்ணாமலையானா ஆனது. நம் ஊர்ச் சேற்றில் நிற்கும் மரத்துக்கு நம் ஊர்ப் பெயர். இதைப் படகுத்துறையில் ஒரு பலகையில் எழுதி வைக்க என்ன தடை?

என்னை அதிகம் அசைத்தது வாய்க்கால்களின் கதை. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து விறகுக்கு வெட்டியிருக்கிறார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து தரை தாழ்ந்தது. கடல் ஏறும்போது உள்ளே வந்த ஓத நீர் வடியாமல் தேங்கி ஆவியாக, உப்பு ஏறிக்கொண்டே போனது. அப்புறம் எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய கால்வாய், இருபக்கமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் ஏறி இறங்க வழி கிடைத்ததும் உப்பு குறைந்தது, நட்ட கன்றுகள் பிடித்தன. வெறும் கன்று நடும் விழாவால் நடக்காத காரியம் இது. முதலில் தண்ணீருக்கு வழி, பிறகுதான் மரம்.

சுனாமி பற்றியும் ஒன்று. 2004க்குப் பிறகு கதிரேசனும் ராஜேந்திரன் என்ற இன்னோர் ஆய்வாளரும் இந்தக் கரையோரத்தின் 18 மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடு சேதத்தைக் குறைத்தது என்றார்கள். கடலிலிருந்து தூரமும் தரையின் உயரமும்தான் பெரிய காரணம் என்று வேறு சில விஞ்ஞானிகள் மறுத்தார்கள். 'காடு ஊரைக் காப்பாற்றியது' என்று ஒரே வரியில் முடிக்காமல் இரண்டையும் சொன்னால் கேட்பவருக்குப் புரியாதா என்ன?

சாப்பாடு! கிள்ளையில் ஒரு சின்ன மெஸ். இறால் தொக்கு, நண்டுக் குழம்பு, கூடவே அப்பளம். இரண்டு தடவை சோறு வாங்கினேன், அப்படியும் 200 ரூபாயைத் தாண்டவில்லை. கடலில் பொரிந்த இறால் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து இந்த வேர்களுக்கிடையில்தான் வளர்கின்றன, வளர்ந்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. இங்குள்ள இருளர்கள் தண்ணீருக்குள் தவழ்ந்து, வலையே இல்லாமல் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். காடு இல்லாவிட்டால் அந்தத் தொக்கும் இல்லை.

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் வருபவர்கள், புதுச்சேரிக்குச் சற்று முன்னால் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டிலும் இறங்கிப் பாருங்கள். ஆண்டில் பல மாதம் மழை குறைவான கரையில் இலை உதிர்க்காமல் நிற்கும் காடு. இந்த வகைக் காடு சோழமண்டலக் கரையில் இப்போது துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. அதிலும் பல துண்டுகள் கோயில் காடாக இருப்பதால்தான் பிழைத்திருக்கின்றன. அங்கே ஓர் ஆராய்ச்சி மாணவர் மார்பளவு உயரத்தில் நாடா சுற்றி ஒவ்வொரு மரமாக அளந்துகொண்டிருந்தார். எண் பொறித்த தகடு ஒவ்வொன்றிலும். சில ஆண்டு கழித்து அதே மரத்தை மறுபடி அளந்தால்தான் எது வளர்ந்தது, எது செத்தது என்று தெரியுமாம். வீரையைக் காட்டினார், காயாவைக் காட்டினார். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைச் சொல்கிறோமே, அந்தக் காயா!

சரி, கேட்ட விவரங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகள் அதிகம், மழை நாளில் மட்டும் படகு உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் படகைப் பிடியுங்கள், அதுவும் வார நாளில். ஓதம் இறங்கிய நேரமானால் சேற்றில் ஒற்றைக் கொடுக்கை ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும் ஆண் நண்டுகள் தெரியும். தங்குவதற்குச் சிதம்பரம்தான் மலிவு, மறுநாள் காலை இட்லி கொத்சும் கிடைக்கும். ஆட்டோதான் வேண்டுமென்றால் நாலு பேராகச் சேர்ந்து, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிய பிறகு ஏறுங்கள்.